பைக் செயின் ஏன் லூஸ் ஆகிறது?

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, செயின் கவரைக் கழற்றுங்கள். பின்சக்கரத்துப் பெரிய ஸ்பிராக்கெட்டின், அதாவது பல்சக்கரத்தின், கடைசி ஓரத்தில் செயினை இரண்டு விரலால் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துப் பாருங்கள். புது செயின் பல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மூன்று மாதம் முன்பு என் வண்டியில் இழுத்தபோது பாதிப் பல் வெளியே தெரிந்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் கவருக்குள் சளக் சளக்கென்று அடித்ததற்குக் காரணம் புரிந்துவிட்டது.

"செயின் நீண்டுடுச்சு சார்" என்று பட்டறையில் சொல்வார்கள். இரும்புத் தகடு இழுபட்டு நீண்டுவிட்டது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தகடு அப்படியேதான் இருக்கிறது. ஒரு கண்ணியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெரியும். இரண்டு வெளித்தகடுகளை ஆணிகள் இணைக்கின்றன. இரண்டு உள்தகடுகளுக்கு நடுவே குழாய் மாதிரி ஒரு புஷ் இறுகப் பொருத்தப்பட்டிருக்கிறது. ஆணி அந்தப் புஷ்ஷுக்குள் திரும்புகிறது. புஷ்ஷுக்கு வெளியே ஒரு உருளை சுழல்கிறது. ஸ்பிராக்கெட் பல்லில் உட்காருவது அந்த உருளைதான். மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதற்கு முன் மெல்லிய தகட்டின் விளிம்பே ஆணியின்மேல் உரசி அறுத்துக்கொண்டிருந்தது. புஷ் வந்ததும் பாரம் அதன் முழு அகலத்துக்கும் பரவியது.

தேய்வது அந்த ஆணியும் புஷ்ஷும்தான். 110 கண்ணி செயின் ஒன்றில் 110 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ஏ4 தாளின் தடிமன், அதாவது சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்தத்தில் செயின் 11 மில்லிமீட்டர் நீண்டுவிடும். ஒரு கண்ணியின் நீளமே 12.7 மில்லிமீட்டர்தான்!

மூட்டு மடங்கும்போதுதான் தேய்மானம். நேராக ஓடுகிற இடத்தில் ஆணி திரும்புவதே இல்லை. 14 பல் உள்ள சின்ன ஸ்பிராக்கெட்டில் ஏறும்போது ஒவ்வொரு மூட்டும் சுமார் 26 டிகிரி மடங்குகிறது. 42 பல் உள்ள பெரியதில் 9 டிகிரிகூட இல்லை. செயினை அதிகம் தின்பது முன்னால் இருக்கிற சின்னதுதான் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் சாதாரண 100 சிசி வண்டியில் செயின் நொடிக்கு மூன்று தடவைக்குமேல் முழுச்சுற்று வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூட்டு இரண்டு முறை மடங்கி, இரண்டு முறை நிமிர்கிறது. அந்த இடுக்கில் எண்ணெய்க்குப் பதில் மணல் இருந்தால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நான் செய்த தப்பு. இதற்கு முந்தைய தடவை சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, செயினை மட்டும் வாங்கிப் பழைய ஸ்பிராக்கெட்டுகளிலேயே போடச் சொன்னேன். செயின் தேய்ந்து கண்ணி இடைவெளி கூடினால் உருளைகள் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி உட்காரும். பல்லும் அதற்கேற்றபடி தேய்ந்து, சுறாத் துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாயும். அந்தச் சாய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால், பாரம் எல்லாப் பற்களிலும் பரவாது. ஒன்றிரண்டு பற்களே இழுக்கும். சில மாதத்திலேயே பழைய சத்தம் திரும்பிவிட்டது. செயின், சின்ன ஸ்பிராக்கெட், பெரிய ஸ்பிராக்கெட் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதுதான் கடைசியில் மலிவு.

வாங்கும்போது தகட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 428 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது கண்ணி இடைவெளி எட்டில் நான்கு அங்குலம், அரை அங்குலம். 520, 525, 530 எல்லாம் எட்டில் ஐந்து அங்குலம், 15.875 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். நம் ஊர் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 428. டியூக் 390 மாதிரி வண்டிக்கு 520. எண்ணுக்குப் பின்னால் எச் இருந்தால் தகடு தடிமன் கூடியது. கண்ணிகளின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

விலை கூடின செயின்களில் தகடுகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஓ ரிங். தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் மூட்டுக்குள்ளேயே நிற்கும், தூசி உள்ளே போகாது. அதைப் பெட்ரோலிலும் கம்பி பிரஷ்ஷிலும் கழுவி ரப்பரைக் கெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அப்புறம், கழுவும்போது இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுத் துணி பிடிக்காதீர்கள். விரல் போய்விடும். சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். சின்ன ஸ்பிராக்கெட்டின் போல்ட்டுகளைப் பழைய செயின் இருக்கும்போதே, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு லூஸ் செய்துவிட வேண்டும். செயினைக் கழற்றிவிட்டால் ஸ்பிராக்கெட் ஸ்பானரோடு சேர்ந்து சுற்றும். பின்சக்கரத்தைக் கழற்றுகிற கையோடு ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

புது செயினின் இரண்டு முனைகளையும் சேர்ப்பது செயின் லாக். அதன்மேல் மீன் வடிவத்தில் ஒரு கிளிப். மீனின் வாய், அதாவது மூடிய பக்கம், செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பிளவுபட்ட வால் பின்னால் வர வேண்டும். மாற்றிப் போட்டால், எதிலாவது இடறும்போது கிளிப் கழன்றுவிடும். செயினின் மேல்பாதி முன்னோக்கி ஓடுகிறது, கீழ்ப்பாதி பின்னோக்கி. குழம்பாமல் இருக்க, லாக் மேல்பக்கம் வரும்படி சக்கரத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு கிளிப்பைப் போடுவேன்.

இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. சின்ன ஸ்பிராக்கெட், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் திரும்பும் இடம், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இழுபடும். இரண்டு பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் அந்த நிலைமை வந்துவிடும். அப்போது தொய்வு மிச்சம் இல்லையென்றால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும். சின்ன வண்டிகளில் பொதுவாகக் கீழ்ப்பாதியின் நடுவில் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் வைப்பார்கள். சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும். பின்சக்கரத்தை நகர்த்தும் அட்ஜஸ்டரின் இரண்டு பக்கத்துக் குறிகளும் ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஆக்சில் நட்டை இறுக்குங்கள்.

புது ஆணியும் புஷ்ஷும் ஒன்றோடொன்று படியும்வரை கொஞ்சம் வேகமாகவே தேயும். 25 மில்லிமீட்டரில் வைத்த ஆட்டம் 500 கிலோமீட்டரில் 30-ஐத் தாண்டியிருந்தது. இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் அரைத் திருப்பு திருப்பியதும் சரியாகிவிட்டது.