சீனரி என்றால் இயற்கைக்காட்சியா?

கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் பிள்ளைகளுக்கான தமிழ்க் காணொளி ஒன்றில், 'மதுரை விமான நிலையத்தின் இயற்கைக்காட்சியை முதலில் நிறுவிக்கொள்ளுங்கள்' என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோது எனக்குப் பொறுமை போயிற்று. விமான விளையாட்டில் ஓர் ஊரின் நிலத்தையும் விமான நிலையத்தையும் உருவாக்கும் கோப்புத்தொகுப்பை ஆங்கிலத்தில் 'சீனரி' என்பார்கள்; அதைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். 2285 மீட்டர் ஓடுபாதையிலும் அதன் ஓரத்து விளக்குகளிலும் இயற்கை எங்கே இருக்கிறது?

கூடாரத்தையும் மேடையையும் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'சீன்' ஆயிற்று. அதிலிருந்து பிறந்த 'சீனரி' முதலில் நாடக மேடையின் ஓவியத் திரைகளுக்குப் பெயராகி, பிறகே மலைக்கும் ஆற்றுக்கும் ஆகிவந்தது. அத்திரையை நம் நாடகக்காரர்கள் படுதா என்றார்கள். சிலம்பு எழினி என்கிறது. மொழிபெயர்த்தவரோ அகராதியில் பிந்திய பொருளோடு நின்றுவிட்டார்; அந்த விளையாட்டை ஒருநாளாவது ஆடிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

'காட்சியமைப்பு' என்பாரும் உண்டு. அது சற்றுத் தேவலாம் என்றாலும், திரைப்படக்காரர்கள் கையில் அது ஒரு வேலையின் பெயராகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை, 'காண்' என்னும் அடியிலேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 1982இல் வெளியிட்ட முதல் ஃபிளைட் சிமுலேட்டரில் நிலம் சில கோடுகளும் வண்ணப் பரப்புகளுமாகவே இருந்ததால், அதைக் காட்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்றைய சீனரியில் வானிலிருந்து எடுத்த படம், மேடுபள்ளங்களின் உயரத் தரவு, கட்டடங்கள் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. உயரத் தரவு இல்லையென்றால் யானைமலை தரையில் ஒட்டிய சுவரொட்டியைப் போலக் கிடக்கும். ஓடுபாதையின் உயரம் இரண்டடி பிசகினால் சக்கரம் மண்ணுக்குள் புதையும், அல்லது அந்தரத்தில் நிற்கும். சக்கரம் ஊன்றுவதையும் இறக்கை மோதுவதையும் வெறும் காட்சி என்பது எப்படிப் பொருந்தும்?

எனவே 'களம்' என்பதே என் தேர்வு. போர்க்களம், கதைக்களம், எங்கள் பக்கத்துக் கதிரடிக்கும் களம் எல்லாமே வினை நிகழும் இடங்கள். 'மதுரைக் களத்தை நிறுவுங்கள்' என்றால் விளங்காமல் போகாது; தெளிவு வேண்டுமென்றால் 'பறப்புக்களம்' எனலாம். கூடவே விமானத்தை வானூர்தியாக்கச் சொல்வோரும் உளர். சொக்கநாதர் கருவறைமேல் இந்திர விமானம் நிற்கும் ஊரில் எனக்கு அந்த அவசரம் இல்லை.

'சீனரியே போதும் மாமா' என்கிறான் அக்காள் மகன். அதுவும் எனக்குச் சம்மதமே. இயற்கைக்காட்சி மட்டும் வேண்டாம்.