செத்த எட்டுக்கால் பூச்சி ஏன் காலை மடக்கிக் கிடக்கிறது?

போகிக்கு ஒட்டடை அடித்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "பீரோவை நகர்த்தினால் பின்னால் ஏழெட்டு எட்டுக்கால் பூச்சிகள் செத்துக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. மல்லாந்து, எட்டுக் காலையும் நெஞ்சுப் பக்கம் இழுத்து, மூடின கைமுட்டி போல. ஒன்றுகூடக் காலை நீட்டிச் சாகவில்லை. ஏன்? சாகும்போது வலித்திருக்குமா?"

கேள்வியைப் படித்ததும் எனக்கு வாயெல்லாம் பல். சிலந்தியைப் பற்றி யாராவது விஷம், கடி, வலை என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். காலைப் பற்றிக் கேட்டால் நகர மாட்டேன்.

முதலில் தெரிந்த கதையை ஓட்டிவிடலாம். எட்டுக்கால் பூச்சி, பேரில் மட்டும்தான் பூச்சி. பூச்சிக்கு ஆறு கால், மூன்று பாகம், உணர்கொம்பு உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால், இரண்டே பாகம், உணர்கொம்பு கிடையாது. முன் பாகத்தில் கண், மூளை, கால்கள். பின்னால் தொங்கும் பையில் இதயம், நுரையீரல், நூல் சுரப்பி. இரண்டுக்கும் நடுவே நூல் போல ஓர் இடுப்பு. இந்த இடுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

இனி கால். தசைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும்: இழுப்பது. தள்ளத் தெரியாது. அதனால்தான் நம் முழங்காலுக்கு இரண்டு பக்கமும் தசை வேண்டியிருக்கிறது. தொடையின் பின்பக்கத் தசை இழுத்தால் கால் மடங்கும், முன்பக்கத் தசை இழுத்தால் நீளும். கரப்பான் காலிலும் இதே ஏற்பாடுதான். சிலந்தியின் காலில் ஏழு துண்டுகள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் மூட்டுகளில் இரண்டு மட்டும் விசித்திரமானவை. ஒன்று, தொடை முடியும் இடத்தில் இருக்கும் முழங்கால் மூட்டு. இன்னொன்று, அதற்கும் கீழே, நாம் கணுக்கால் என்று சொல்லக்கூடிய இடத்துக்கு மேலே. இந்த இரண்டு மூட்டுகளிலும் மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசையே இல்லை. எட்டுக் காலுக்குக் கணக்குப் போட்டால் பதினாறு மூட்டுகள், பதினாறிலும் பாதி வேலைக்கு ஆள் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு மூட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். டிபன் பாக்ஸ் மூடியின் கீல் ஓர் ஓரத்தில் இருக்கும் இல்லையா, அது மாதிரி இந்த மூட்டின் கீல் காலின் மேல் விளிம்பிலேயே இருக்கிறது. கீலுக்கு மேலே தசை உட்கார இடமே இல்லை. இடமெல்லாம் கீழே. அங்கே மடக்கும் தசைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கீழ்ப்பக்கம், காலை மூடியிருக்கும் மேலோடும் கெட்டியாக இல்லை; ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான மெல்லிய தோல்.

சரி, நீட்டுவது யார்?

தேர்த் திருவிழாக் கடையில் ஒரு ரப்பர் தவளை விற்பார்கள். தவளையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வரும், அதன் முனையில் ஒரு ரப்பர் குமிழ். குமிழை அமுக்கினால் தவளை துள்ளும். வாங்கின அன்றைக்கே நான் அதை அறுத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை, சக்கரம் இல்லை. வயிற்றுக்குக் கீழே மடிந்து கிடக்கும் காலுக்குள் வெறும் காலியிடம், அவ்வளவுதான். குமிழிலிருந்து காற்று போய் அதை நிரப்பியதும் மடிந்த கால் விரிந்து தரையை உதைக்கும். குமிழை விட்டால் கால் பழையபடி மடிந்துகொள்ளும்.

சிலந்தியும் அந்தத் தவளைதான். காற்றுக்குப் பதில் ரத்தம். முன் பாகத்தின் மேலோட்டை உள்ளிருந்து இறுக்கும் தசைகள்தான் குமிழை அமுக்கும் விரல். அவை இறுகினால் உள்ளே இருக்கும் ரத்தத்துக்குப் போக்கிடம் கால்கள்தான். கால் ஒரு குழாய், ரத்தம் அதற்குள் நேரடியாகவே நிறைந்திருக்கிறது. அழுத்தம் ஏறியதும் மூட்டின் அடியில் இருக்கும் துருத்தித் தோல் விரிகிறது, கால் நீள்கிறது. மடக்க வேண்டுமென்றால் தசை இழுத்துக்கொள்ளும். எந்தக் காலின் தசை இழுத்துப் பிடித்திருக்கிறதோ அந்தக் கால் விரியாது. டிப்பர் லாரியின் தொட்டியை எண்ணெய் அழுத்தம் தூக்குகிறது, இறங்குவதற்குத் தொட்டியின் எடையே போதும். அதே ஒருவழி ஏற்பாடு.

1944இல் எல்லிஸ் என்ற ஆய்வாளர், கால் நீள்வதற்குக் காரணம் இந்த ரத்த அழுத்தம்தான் என்று எழுதினார். 1959இல் கேம்பிரிட்ஜில் பாரி, பிரவுன் என்ற இருவர், வீட்டு மூலையில் வலை கட்டும் சாதாரணச் சிலந்தி ஒன்றை வைத்து அழுத்தத்தை அளந்தே விட்டார்கள். சும்மா இருக்கும்போது சுமார் 50 மில்லிமீட்டர் பாதரசம். திடீரென்று உந்தும்போது கண நேரத்துக்கு 400 வரை ஏறுகிறது. நமக்கு 120க்கு 80 இருந்தால் டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்புவார். கிளினிக்கில் இருக்கும் பாதரச பி.பி. கருவியின் அளவுகோல் 300உடன் முடிந்துவிடும். விரல் நக அளவுப் பிராணி, அந்தக் கருவியை உடைக்கிற அழுத்தத்தைக் காலுக்குள் வைத்துக்கொண்டு சுவரில் உலாத்துகிறது.

இப்போது வாசகியின் கேள்விக்குப் பதில் தானாகவே வந்துவிட்டது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும். தவளைக் குமிழிலிருந்து கையை எடுத்தது மாதிரி. எதிர்ப்பக்கம் நீட்டிப் பிடிக்க எதுவும் இல்லாததால், மடக்கும் தசைகளின் இயல்பான இழுப்பே காலை உள்ளே கொண்டுவந்துவிடும். வலித்ததா என்று காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தூக்கத்தில் செத்தாலும் மிதிபட்டுச் செத்தாலும் கால் அப்படித்தான் கிடக்கும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் செய்து பாருங்கள். செத்து அதிக நேரம் ஆகாத, காயாத சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் பிரஷ்ஷின் மரக்கைப்பிடி முனையால் அதன் முன் பாகத்தை மட்டும் மெதுவாக அமுக்குங்கள். கால்கள் பூ மாதிரி விரியும். விட்டால் மூடிக்கொள்ளும். என் அக்கா பையனுக்கு இதைக் காட்டினேன். அவன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் குளியலறைக்குப் போக வேண்டும். உள்ளங்கை அகலத்தில், தட்டையாக, பழுப்பு நிறத்தில் ஒன்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருக்குமே, சில சமயம் வயிற்றுக்கு அடியில் வெள்ளை வட்டு மாதிரி முட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு அலையுமே, அதைச் சொல்கிறேன். வலை கட்டாது, கரப்பானைப் பிடித்துத் தின்னும். விளக்குமாற்றோடு அதைத் துரத்தியவர்களுக்குத் தெரியும்: முதல் ஓட்டம் மின்னல், இரண்டாவது ஓட்டமும் மின்னல், நாலாவது ஐந்தாவதில் தள்ளாடும், அப்புறம் ஒரு மூலையில் அப்படியே நின்றுவிடும். அது பயந்து நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது. இதயமும் நுரையீரலும் பின் பையில் என்று சொன்னேன் அல்லவா? ஓடும்போது முன் பாகத்தின் அழுத்தம் இதயத்தின் அழுத்தத்தைத் தாண்டிவிடும். இடுப்பு வழியாகப் புது ரத்தம் முன்னால் வர முடியாது. காலை நீட்டும் அதே அழுத்தம் காலுக்கு வரவேண்டிய ஆக்சிஜனைத் தடுக்கிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஓடுகிற கதைதான். சிலந்தி குறுகிய தூர ஓட்டக்காரர், மாரத்தான் ஆசாமி இல்லை.

ஜன்னல் கம்பியில் திரியும் தாவும் சிலந்தியைக் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். முன்னால் கார் விளக்கு போல இரண்டு பெரிய கண், திரும்பி நம்மையே முறைக்கும். தாவுவதற்கு முன் பின்பக்கத்தைத் தரையில் ஒருமுறை தொட்டு நூலை ஒட்டிக்கொள்ளும், தவறினால் தொங்குவதற்கு. பிறகு கடைசி ஜோடிக் கால்கள் சட்டென்று நிமிரும், ஆள் காற்றில். வெட்டுக்கிளிக்குத் தொடை எவ்வளவு பருமன் என்று பார்த்திருப்பீர்கள். இதற்குப் பின்னங்கால் மற்றக் கால்களைவிடப் பெரிதாகப் பருத்திருக்காது. தேவையே இல்லை, உந்தும் தசை காலில் இல்லாமல் மார்பில் இருக்கிறது.

திருவானைக்காவில் சிவலிங்கத்துக்கு வலைப்பந்தல் போட்ட சிலந்தி, பந்தலைக் கலைத்த யானையின் துதிக்கைக்குள் புகுந்து, இரண்டும் செத்து, சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது புராணம். எனக்கு அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் வேறு ஒன்று தோன்றும். துதிக்கையில் எலும்பு இல்லை, முழுக்கத் தசை. சிலந்தியின் மூட்டில் நீட்டும் தசை இல்லை, முழுக்க அழுத்தம். இயற்கையின் இரண்டு வினோதப் பொறியியலும் ஒரே குழாய்க்குள் மோதிக்கொண்டிருக்கின்றன.

தண்ணீரால் நடக்கிற உடம்புக்குத் தண்ணீர் குறைந்தால் ஆபத்து. டாரன்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்தியை வளர்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பாத்திரத்தில் தண்ணீர் வைக்க மறந்தால், உயிர் இருக்கும்போதே கால் உள்ளே சுருள ஆரம்பிக்கும். அதனால் சிலந்தி கஞ்சத்தனமாக வாழ்கிறது. கழிவைக்கூட நம்மைப் போல நீரில் கரைத்துக் கொட்டுவதில்லை. குவானின் என்ற, நீரில் எளிதில் கரையாத வெள்ளைப் பொருளாகச் சொட்டுச் சொட்டாக வைக்கும். சுவரில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி இருப்பது அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் அக்கி வரும்" என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அக்கி வந்தவருக்குக் காவி எழுதுகிறார்கள். அக்கி, சின்ன வயதில் வந்துபோன சின்னம்மை வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி எழுவது. சிலந்திக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. காவி எழுதிக்கொள்வது அவரவர் விருப்பம், ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தரும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காவிக்காகக் காத்திருந்து மாதக்கணக்கில் நரம்பு வலியோடு உட்கார்ந்திருந்த உறவினர் ஒருவரைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

கோபம் போகட்டும், ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 2019இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில், ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு புது ஆய்வகத்துக்குச் சாமான்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கட்டடத் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரு சிலந்தி கால் சுருண்டு செத்துக் கிடந்தது. நம் வாசகி கேட்ட அதே கேள்வியை ஃபேய் யாப் என்ற ஆராய்ச்சி மாணவியும் கேட்டார். பதில் தெரிந்ததும் அடுத்த கேள்வி: "அப்படியென்றால் நாமே அமுக்கினால்?" செத்த ஓநாய்ச் சிலந்தியின் முன் பாகத்தில் ஓர் ஊசியைச் செருகி, சுற்றிலும் பசை வைத்து அடைத்து, சிரிஞ்சால் துளி காற்றைச் செலுத்தினார்கள். கால் விரிந்தது. காற்றை இழுத்தார்கள், மூடியது. பொருளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி தயார். தன் எடையைப் போல 1.3 மடங்குக்கும் மேல் தூக்கியது, சுமார் ஆயிரம் முறை திறந்து மூடியது, பிறகு மூட்டுகள் தளர்ந்தன. 2022இல் கட்டுரை வந்தது. 2023இல், முதலில் சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது.

உலகமே சிரித்தது, நானும்தான். ஆனால் 1959இல் சிலந்திக்கு பி.பி. பார்த்தவர்களிடம் "இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால் இந்தச் சிரிப்பும் கிடைத்திருக்காது. நம் ஊரில் ஒரு மாணவர் "செத்த சிலந்தி ஏன் காலை மடக்குகிறது" என்று தலைப்பு எழுதி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் அவர் எதை நிரப்புவார்? அந்தக் கட்டத்தையே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

பீரோவுக்குப் பின்னால் கிடந்தவை எல்லாமே பிணம்தானா என்றும் ஒரு சந்தேகம். சிலந்தி வளரும்போது சட்டை உரிக்கும். எடுத்துப் பாருங்கள்: ஊதினால் பறக்கிற அளவுக்கு லேசாக, உள்ளே ஒன்றும் இல்லாமல், முன் பாகத்து மேல் ஓடு மூடி போலத் திறந்திருந்தால் அது உரித்துப் போட்ட சட்டை. சொந்தக்காரர் வேறு எங்கோ சௌக்கியமாக இருக்கிறார். அந்த மூடியைத் திறந்ததும் இதே அழுத்தம்தான். பின் பையிலிருந்து ரத்தத்தை முன்னால் ஏற்றி, பழைய மேலோட்டை விளிம்பில் வெடிக்க வைக்கும்.

ஒரு கால் பிய்ந்தால் அழுத்தமெல்லாம் ஒழுகிவிடாதா என்று கேட்பீர்கள். ஒழுகத்தான் வேண்டும். எட்டுக் காலுக்கும் ஒரே தொட்டி; ஒரு குழாய் உடைந்தால் மற்ற ஏழும் படுத்துவிடும். அதற்கும் சிலந்தி வழி வைத்திருக்கிறது. மாட்டிக்கொண்ட காலை உடம்பை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட மூட்டில் தானே கழற்றிவிடும். கழன்ற வாயைத் தசைகள் சுருக்குப் பை போல உடனே இறுக்கி மூடிவிடும். எங்கள் குளியலறையில் இப்போது இருப்பது இளசு. கதவிடுக்கில் சிக்கி வலது பக்கம் ஒரு காலை இழந்தது. மூன்று வாரம் ஏழு காலோடு ஓடியது. போன வாரம் குழாய்க்குப் பின்னால் ஒரு சட்டை கிடந்தது. நேற்று இரவு விளக்கைப் போட்டபோது சுவரில் எட்டுக் கால் இருந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் குட்டையாக, வெளிறிப்போய்.