எக்ஸ்பான்டர்: அண்ண விரிப்பி

மேல்வாயின் கூரையில், இரு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே, திருகு ஒன்றை வைத்துக் குறுகிய மேல்தாடையை அகலப்படுத்தும் கருவிக்குப் பல் மருத்துவமனைகளில் ‘பேலட்டல் எக்ஸ்பான்டர்’ என்று பெயர். ‘பேலட்’ லத்தீனின் ‘பலாட்டும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது, வாயின் கூரை என்று பொருள். ‘எக்ஸ்பான்ட்’ என்பதற்கும் லத்தீன்தான் மூலம், வெளிப்புறமாக விரித்தல்.

வாயின் கூரைக்குத் தமிழில் அண்ணம் என்ற பழஞ்சொல் இருக்கிறது. எழுத்துகள் பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது தொல்காப்பியம் பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு அண்ணத்தையும் எண்ணுகிறது. ‘அண்’ என்றால் மேல். அண்ணாந்து பார்ப்பதும் அதே வேரில் வந்ததே. முன்பகுதி எலும்பு கொண்ட வல்லண்ணம், பின்பகுதி தசையாலான மெல்லண்ணம். கருவி வேலை செய்வது வல்லண்ணத்தில். பேச்சில் ‘அண்ணாக்கு’ என்று மேல்வாயைச் சொல்பவர்கள் உண்டு. அண்ணாக்கு என்பது தொண்டை வாசலில் தொங்கும் உள்நாக்கு. மருத்துவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அவர் வேறு இடத்தைப் பார்ப்பார்.

பெயரின் இரண்டாம் பாதியான ‘எக்ஸ்பான்டர்’க்குச் சொல் தேடுவது அவ்வளவு எளிதல்ல. இங்கே எலும்பு ரப்பர் போல நீள்வதில்லை. மேல்தாடையின் இடப்பாதியும் வலப்பாதியும் நடுக்கோட்டில் ஒரு பொருத்தில் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பொருத்து பிளந்து, இரு பாதிகளும் விலகி, இடைவெளியில் புது எலும்பு வளர்கிறது. செயலுக்கு நெருங்கிய சொல் ‘அகற்றுதல்’ தான், ஆனால் இன்று அது எடுத்துவிடுவதையே குறிக்கிறது. ‘அண்ண அகற்றி’ என்று எழுதினால் படிப்பவர் அலறிவிடுவார். ஆகவே அண்ண விரிப்பி. ‘விரிவி’ என்று எழுதாதீர்கள். தானாக விரிவது விரிதல், நாம் விரியச் செய்வது விரித்தல்.

கருவியின் பிறப்பு 1860. சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர், பதினாலரை வயதுச் சிறுமியின் மேல்தாடையில் திருகை வைத்துச் சுற்றி, இரண்டு வாரத்தில் அகலப்படுத்தியதாக எழுதினார். அந்த முறை பிறகு பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் பல் சீரமைப்பு நிபுணர் ஆண்ட்ரூ ஹாஸ் அமெரிக்காவில் அதை மீண்டும் நிலைநிறுத்தினார். ராயபுரம் ஒர்க்‌ஷாப்புகளில் வண்டியைத் தூக்கும் ஜாக்கி எப்படித் திருகத் திருக உயர்கிறதோ, அப்படித்தான் இதுவும். மேலே போவதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ளுகிறது.

பெரியவர்களுக்கு வரும் சிக்கல் அந்தப் பொருத்தில்தான். சிறு வயதில் நேர்கோடாக இருக்கும் அது, வயது ஏற ஏறப் பல்சக்கரங்கள் போலக் கோத்துக்கொள்கிறது. பலருக்குப் பின்பகுதியிலிருந்து எலும்பாகவே இறுகிவிடுகிறது. தாடையை முப்பரிமாணத்தில் படம்பிடிக்கும் சி.பி.சி.டி. ஸ்கேனில் இதை ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். இந்தப் பகுப்பு 2013இல் வந்தது. டி, இ நிலைகளில் பொருத்து ஓரளவோ முழுதாகவோ இறுகியிருக்கும். ஒரே வயதுள்ள இருவருக்கு நிலை வேறாக இருக்கலாம் என்பதால் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

‘எக்ஸ்பான்டர்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்பனையாவதுதான் பெரிய குழப்பம். கழற்றி மாட்டும் அக்ரிலிக் தட்டு முதலாவது. பெரியவர்களுக்கு அது பற்களை வெளியே சாய்க்கும், எலும்பைப் பிளக்காது. கடைவாய்ப் பற்களில் பட்டை மாட்டி ஒட்டும் ஹைராக்ஸ் வகை இரண்டாவது. சிறுவர்களுக்கு அருமையானது, இறுகிய தாடையில் அதுவும் பல்லையே தள்ளும். மூன்றாவதில் அண்ண எலும்பிலேயே, பெரும்பாலும் நான்கு, மினி ஸ்க்ரூக்கள் இறங்குகின்றன. ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘மார்ப்பி’ என்பார்கள். ‘நுண்திருகு அண்ண விரிப்பி’ என்பது அதற்குச் சரியான தமிழ். அறுவையில்லாமல் பெரியவர்களுக்கு என்று பேசப்படுவது இந்த மூன்றாவதுதான். ‘அறுவையில்லா’ என்றால் எலும்பை வெட்டுவதில்லை என்றே பொருள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் ஸ்க்ரூ இறக்குவார்கள். பொருத்து முற்றாக இறுகியிருந்தால் எலும்பை வெட்டி விரிக்கும் ‘சார்ப்பி’, அதாவது அறுவைத் துணை அண்ண விரிப்பு, தேவைப்படலாம்.

கருவி ஏறிய பிறகு வேலை நோயாளியுடையது. திருகைச் சுற்றும் சிறு சாவியில் நூல் கட்டிக்கொள்ளுங்கள். கைதவறினால் தொண்டைக்குள் போகும். முன்பக்கத் துளையில் செருகி, அடுத்த துளை கண்ணுக்குத் தெரியும்வரை தொண்டைப் பக்கமாகத் தள்ளி, சாவியை மெதுவாக உருவ வேண்டும். துளை தெரியாவிட்டால் அந்தச் சுற்று முழுமையாகவில்லை. சாதாரண ஹைராக்ஸ் திருகில் கால் சுற்று 0.2 முதல் 0.25 மி.மீ. தரும், நுண்திருகுக் கருவிகளில் அளவு மாறும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகத் திருகாதீர்கள். மூக்குத் தண்டிலும் புருவ நடுவிலும் அழுத்தம் வருவது இயல்பு. சில வாரங்களில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பொருத்து பிளந்திருக்க வேண்டும். படம் எடுத்து உறுதிசெய்வார்கள். அந்தச் சந்து நிரந்தரமல்ல, பற்கள் பின்னர் நெருங்கி வரும்.

திருகிக்கொண்டே இருந்தும் சந்து விழவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அதற்கு மேல் திருகினால் ஸ்க்ரூ சாயும், கருவி வளையும், கடைவாய்ப் பல் கன்னப் பக்கமாகச் சரியும். சரிந்த பல்லின் வெளிப்புற எலும்பு மெலிந்து ஈறு இறங்கும், கடிக்கும்போது மேல், கீழ் முன்பற்கள் தொடாமல் திறந்துகொள்ளும். ஸ்க்ரூ அண்ணத்தின் கீழ் எலும்புப் படலத்தை மட்டும் பிடித்து மூக்குத் தரையின் கெட்டி எலும்பைத் தொடாமல் இருந்தால் ஆடிப்போக வாய்ப்பு அதிகம். சிலருக்கு ஒரு பக்கம் கூடுதலாக விரியும்.

கருவிக்கும் அண்ணத்துக்கும் நடுவே உணவு தங்கி ஈறு வீங்குவதுதான் அன்றாடத் தொல்லை. சென்னை பீச் ஸ்டேஷன் பக்கத்து பர்மிய நூடுல்ஸான அத்தோவில் தூவும் நொறுங்கிய பேஜோ, மொய்ங்கா சூப்பின் வாழைத்தண்டு நார், சௌகார்பேட்டை முறுக்கு சாண்ட்விச், மூன்றையும் தள்ளிவையுங்கள். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, சிறிய தலை பிரஷ்ஷால் ஸ்க்ரூவைச் சுற்றித் தேய்க்க வேண்டும்.

அகலம் கிடைத்ததும் கருவியைக் கழற்றிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்தது மூன்று முதல் ஆறு மாதம் அது அசையாமல் அங்கேயே இருக்க வேண்டும். புது எலும்பு கெட்டியாவதற்கான காலம் அது. பல் வரிசைக்குக் கம்பி கட்டுவது வேறு வேலை, அதற்குத் தனிக் காலம். மூக்கின் தரையும் சேர்ந்து அகலமாவதால் மூச்சு சிலருக்கு இலகுவாகும். ஆனால் குறட்டைக்கும் தூக்க மூச்சுத்திணறலுக்கும் இது நிச்சயத் தீர்வு என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம்.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியானாலும், தண்டையார்பேட்டைத் தனியார் கிளினிக் ஆனாலும், பல் சீரமைப்பு நிபுணரையே பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சி.பி.சி.டி.யில் என் பொருத்து எந்த நிலை, கருவி பல்லைப் பிடிக்கிறதா எலும்பைப் பிடிக்கிறதா, பிளக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?