பொட்டாசியம் தண்ணீரோடு போகும், மணம் எண்ணெயில் தங்கும்

சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்த வீட்டில், டயட் சீட்டு கைக்கு வந்த அன்றைக்கே சமையலறையின் முகம் மாறிவிடும். உப்பைக் குறைக்கணும், உருளைக்கிழங்கு வேண்டாம், தக்காளி வேண்டாம், பால் அளவோடு, பருப்பு அளவோடு, வாழைப்பழம் தொடவே கூடாது என்று அந்தத் தாள் நீண்டுகொண்டே போகும், படித்து முடித்ததும் "அப்போ என்னதான் சாப்பிடுறது?" என்ற ஒரே கேள்விதான் மிஞ்சும். அம்மாவுக்காக நான் சமைக்கத் தொடங்கிய முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் வேகவைத்து, உப்பில்லாமல் தட்டில் வைப்பேன். அவர் பாதியிலேயே கை கழுவிவிடுவார். சிறுநீரக நோயாளி சாப்பிடாமல் மெலிந்து போவதும் ஒரு ஆபத்துதான் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான், இந்தத் தடைகள் எல்லாம் உண்மையில் எதைத் தடுக்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் எனக்குப் பெரிய ஆறுதல் இதுதான்: சீட்டில் பத்து இருபது உணவுப் பெயர்கள் இருந்தாலும், குறி வைக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் மூன்று தாதுக்களைத்தான். சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ். இவற்றோடு புரதத்துக்கு ஒரு அளவு, சிலருக்குத் தண்ணீருக்கும் ஒரு அளவு. இந்த மூன்றில் நாம் ருசிக்காகவே தேடிப் போவது சோடியம் ஒன்றைத்தான், அதுவும் உப்பாக. பூண்டு வதங்கும் வாசனையிலோ, பொன்னிறமாக முறுகிய ஓரத்திலோ, எலுமிச்சையின் புளிப்பிலோ பொட்டாசியத்துக்கு வேலையே இல்லை. அப்படியென்றால் தாதுவை வெளியே தள்ளிவிட்டு ருசியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா? முழுசாக முடியாது, ஆனால் நாம் நினைப்பதைவிட நிறையவே முடியும்.

முதலில் சிறுநீரகம் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் ஏறக்குறைய அனைத்தையும் திருப்பி ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகின்றன. எதைத் திருப்பிக் கொடுப்பது, எதை வெளியே விடுவது என்ற அந்தத் தேர்வுதான் ரத்தத்தில் பொட்டாசியத்தை லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் பிடித்து வைக்கிறது. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதம் வெளியேறுவது இந்த வழியாகத்தான். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, வெளியே இருக்கும் அந்தக் கொஞ்சமும் உள்ளே இருப்பதும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் இதயத் தசையின் மின்துடிப்பு நடக்கிறது. வெளியே கொஞ்சம் கூடினாலே துடிப்பு தடுமாறலாம், அதுவும் பல சமயம் எந்த முன்னறிகுறியும் இல்லாமல். அதனால்தான் மருத்துவர்கள் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள்.

அதே சமயம், சிறுநீரக நோய் என்றாலே எல்லோரும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆரம்பக் கட்டத்தில் ரத்தத்தில் பொட்டாசியம் சரியாக இருப்பவருக்குக் காய்கறியும் பழமும் நல்லதுதான், காரணமில்லாமல் அவற்றை விலக்குவது இழப்பு. இதை முடிவு செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனை, பக்கத்து வீட்டுக்காரரின் டயட் சீட்டு இல்லை.

சரி, குறைக்கச் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. அதை வெளியேற்ற, நறுக்கித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் போதும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன், பல நாள் செய்தும் இருக்கிறேன். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாக அளந்து பார்த்தது. வெறுமனே ஊறவைத்ததில் குறிப்பிடும்படி எதுவும் குறையவில்லை. சிறு சதுரத் துண்டுகளாக நறுக்கி வேகவைத்தபோது ஏறக்குறைய பாதி போனது. துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கு வரை போனது.

ஏன் இப்படி? பொட்டாசியம் காயின் செல்களுக்குள் இருக்கிறது, ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. நறுக்கி வைத்த பிறகும் கிழங்கின் செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சவ்வு தன் பொட்டாசியத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. கத்தி பட்டுக் கிழிந்த செல்களிலிருந்து மட்டும் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். சூடு 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஏறும்போது அந்தச் சவ்வு சிதைந்துபோகிறது, அப்புறம் உள்ளே இருப்பதைப் பிடித்து வைக்க யாரும் இல்லை, நிறைய இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் தண்ணீரை நோக்கி அது தானாகவே பரவுகிறது. ஆக, ஊறல் பெரிதாக உதவவில்லை, கொதிதான் கதவைத் திறக்கிறது.

கதவு திறந்த பிறகு இரண்டு கணக்குகள். ஒன்று, துண்டின் அளவு. 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டிக்கு வெளிப்பரப்பு 96 சதுர சென்டிமீட்டர், அதையே 1 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் 64 துண்டுகள், மொத்தப் பரப்பு 384. அதே காய்தான், வெளியேறும் வழி நான்கு மடங்கு. நடுவில் இருக்கும் பொட்டாசியம் கடக்க வேண்டிய தூரமும் குறைந்துவிடுகிறது. இன்னொன்று, தண்ணீரின் அளவு. காயும் தண்ணீரும் சம அளவில் இருந்தால், எவ்வளவு நேரம் கொதித்தாலும் பாதிக்கு மேல் வெளியே வராது, ஏனென்றால் இரண்டு பக்கமும் சமமானவுடன் பரவல் நின்றுவிடும். பத்து மடங்கு தண்ணீர் இருந்தால் கணக்குப்படி 90 சதவீதம் வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு போகாது, காய் குழைவதற்கு முன் நாம் இறக்கிவிடுவோம். பாதியில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுச் சுடுதண்ணீர் ஊற்றினால் பரவல் மறுபடியும் வேகமெடுக்கும், நான் இப்போது செய்வது இதுதான்.

கடைசியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சத்து வீணாகிறதே என்று அதை சூப்பில் ஊற்றினால், வெளியே அனுப்பியதை வாசலிலேயே கூப்பிட்டு உட்கார வைத்த கதைதான். குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைப்பது, ஆவியில் வேகவைப்பது, மைக்ரோவேவில் வைப்பது எல்லாம் மற்றவர்களுக்கு நல்ல முறைகள், ஆனால் அவற்றில் பொட்டாசியம் போவதற்கு இடமே இல்லை. வைட்டமின் சி-யும் பி வகை வைட்டமின்களும் இந்தத் தண்ணீரோடு போகும் என்பதும் உண்மை, அதை ஈடுகட்ட மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அப்புறம், எவ்வளவு வேகவைத்தாலும் சரியாகாதவையும் உண்டு. நட்சத்திரப் பழத்தில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் ஒரு நச்சு இருக்கிறது, நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், பழுதானது தள்ளாது, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். அதை முழுக்கத் தவிர்க்க வேண்டியதுதான்.

இப்படி வேகவைத்து வடித்த காய் சப்பென்று இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. பொட்டாசியத்தோடு சர்க்கரையும், புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களும் கொஞ்சம் போய்விட்டன. என் முதல் மாதச் சமையல் இந்த இடத்திலேயே நின்றுவிட்டது, தவறு அதுதான். வடித்த காயைத் துணியில் ஒற்றி, ஈரம் போக ஆறவிட்டு, அகலமான வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு நெருக்கமில்லாமல் பரப்பினால் ஓரம் முறுகிப் பொன்னிறமாகும். மீதமுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமிய் மயார் பெயரால் இதை மயார் வினை என்கிறார்கள். இது சுறுசுறுப்பாக நடக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது. ஈரத்தை ஒற்றி எடுப்பது அதற்காகத்தான். அடிக்கடி கிளறாதீர்கள், ஒரு பக்கம் நிறம் மாறும்வரை பொறுமையாக விடுங்கள்.

மணமும் இப்படித்தான். சீரகம், மிளகு, பட்டை போன்றவற்றின் மணப்பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அவற்றை வேகும் தண்ணீரில் போட்டால் ஆவியோடும் வடிநீரோடும் போய்விடும், கடைசியில் எண்ணெயில் பொரியவிட்டுச் சேர்த்தால் எண்ணெய் அவற்றைக் காயின் மேல் பூசி வைத்திருக்கும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். ஜலதோஷம் பிடித்தால் எதுவும் ருசிக்காமல் போவது அதனால்தான். பூண்டை நசுக்கிச் சில நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள், முழுப் பூண்டில் அந்தக் கார மணம் கிடையாது, நசுங்கும்போது ஒரு நொதி அதன் மூலப்பொருளோடு சேர்ந்த பிறகுதான் அது உருவாகிறது. நாம் போடும் அளவு கொஞ்சம் என்பதால் இவற்றிலிருந்து வரும் பொட்டாசியமும் கொஞ்சம்தான்.

உப்பு விஷயம்தான் கஷ்டமானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அதாவது 2 கிராம் சோடியத்துக்கும் குறைவு. சிறுநீரக நோயாளிகளுக்கும் பொதுவாக இதுதான் எல்லை. தட்டையாக ஒரு தேக்கரண்டி கூட இல்லை, அதிலும் ரொட்டி, ஊறுகாய், பாக்கெட் தீனி என்று கண்ணில் படாத உப்பு ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். உப்பு கரிப்பை மட்டும் தருவதில்லை, கசப்பை அடக்கவும் செய்கிறது. 1997-இல் வந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது: சோடியம் கசப்பை அமுக்குவதால் அதுவரை மறைந்திருந்த இனிப்பு மேலே வருகிறது. அதனால்தான் உப்பை எடுத்தவுடன் காய் சப்பென்று மட்டும் இல்லாமல் ஒரு மாதிரி கசப்பாகவும் தெரிகிறது. அந்த இடத்தில் எலுமிச்சையோ வினிகரோ சில சொட்டு விட்டால் நாக்கு புளிப்பின் பக்கம் திரும்பிவிடும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் வெறும் 5 மில்லிகிராம் அளவுக்குத்தான் பொட்டாசியம்.

அனுமதித்த உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துவிடுகிறேன், நாள் முழுக்க அதிலிருந்துதான். வேகும்போது போடுவதில்லை, பரிமாறும்போது மேலே தூவுகிறேன். காயின் நடுவில் ஒளிந்திருக்கும் உப்பில் ஒரு பங்கு நாக்கைத் தொடாமலே விழுங்கப்பட்டுவிடும், மேலே இருப்பது உடனே நாக்கில் கரையும். நாக்கும் பழகும், சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பழைய அளவு உப்பே அதிகமாகத் தெரியத் தொடங்கும். உப்பு குறைந்தால் தாகமும் குறையும், டயாலிசிஸ் செய்துகொண்டு தண்ணீரை அளந்து குடிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கப்படுபவற்றில் பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது உதவலாம், பொட்டாசியம் ஏறக் கூடாதவருக்கு அது ஆபத்து.

பாஸ்பரஸில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த வடிவில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். தானியத்திலும் பயறிலும் அது பைட்டேட் என்ற கூட்டுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது, அதை உடைக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லாததால் பாதிக்கும் குறைவாகவே உடம்பில் சேர்கிறது. இறைச்சி, பால் போன்றவற்றிலிருந்து அதைவிடக் கூடுதல். தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ எதனோடும் கட்டுண்டு இல்லை, 90 சதவீதத்துக்கும் மேல் உள்ளே போகும். கோலா பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, உருக்கிச் செய்த சீஸ், பல பேக்கிங் பவுடர்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. பாக்கெட்டின் பின்னால் "பாஸ்" (phos) என்ற எழுத்துகள் எங்காவது உள்ள சொல்லைத் தேடிப் பாருங்கள். கூடிய பாஸ்பரஸ் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும், ரத்தக்குழாய்களைக் கல்லாக்கும், தோலில் தாங்க முடியாத அரிப்பைக் கொடுக்கும். வீட்டில் புதுப் பொருளில் சமைப்பதாலேயே இந்தச் சேர்ப்புகளில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடுகிறது, இதற்குத் தனிச் சிரமம் எதுவும் தேவையில்லை.

புரதத்தில் முட்டை வெள்ளைக்கரு பெரிய உதவி. ஒன்றில் சுமார் 3.6 கிராம் புரதம், பாஸ்பரஸ் வெறும் 5 மில்லிகிராம் வாக்கில், மஞ்சள் கருவில் அது 60-ஐத் தாண்டும். டயாலிசிஸுக்கு முன்பு புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள், இரண்டும் சரிதான். டயாலிசிஸில் அமினோ அமிலங்களும் சேர்ந்து வெளியேறுவதால் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு இறைச்சி திடீரென்று பிடிக்காமல் போனதற்கும் காரணம் இருந்தது. எச்சிலில் யூரியா கூடும்போது வாயிலிருக்கும் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக மாற்றுகின்றன, வாயில் ஒரு உலோக ருசி வந்துவிடும். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்து ஒருநாள் கோபப்பட்டதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அவருக்கு வாரத்தில் ஒருநாள் உருளைக்கிழங்கு உண்டு. சின்னத் துண்டுகள், பெரிய பாத்திரம், இரண்டு முறை மாற்றிய தண்ணீர், ஒற்றி உலர்த்தி முறுகவிட்டு, பூண்டும் மிளகும் எண்ணெயில் பொரித்துச் சேர்த்து, மேலே அளந்த உப்பில் ஒரு சிட்டிகை, கடைசியில் எலுமிச்சை. வேகவைத்தாலும் பாதிப் பொட்டாசியம் உள்ளேயேதான் இருக்கிறது என்பதால் அளவு ஒரு சின்னக் கிண்ணம், உணவு நிபுணரிடம் காட்டி முடிவு செய்தது. ஒவ்வொரு மாதமும் ரத்த ரிப்போர்ட் வந்ததும் முதலில் பொட்டாசியம் வரியைத்தான் பார்ப்போம், 5-ஐ நெருங்கினால் அந்த மாதம் கிண்ணம் பாதியாகும்.