நாலு பேர் கேட்கும் நிகழ்ச்சிக்குக் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டா?

"மேடம், ராத்திரி ஏத்துன கட்டுரையை நீக்கணும்னு காலைல வார்ப்புரு போட்டுட்டாங்க" என்று செல்போனை நீட்டினாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. வார்ப்புரு என்றால் கட்டுரையின் தலையில் ஒட்டும் அறிவிப்பு. ஈரோடு பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஆசைப்படும் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதும் எப்படியோ என் வேலையில் சேர்ந்துகொண்டது. இந்த மாதிரிக் கண்ணீர் எனக்குப் புதிதல்ல.

கட்டுரை, ஒரு சமுதாய வானொலி நிகழ்ச்சியைப் பற்றியது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். மஞ்சள் வேக வைப்பது, எருமைக்கு மடிநோய், பால் விலை என்று பக்கத்து ஊர்க்காரர்களைப் பேச வைப்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன், நல்ல நிகழ்ச்சி. "எங்கூர்ல அதைக் கேக்காதவங்களே இல்லீங்க மேடம்" என்றாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விக்கிப்பீடியா கேட்கும் கேள்வியே வேறு: அந்த நிகழ்ச்சியோடு ஒட்டு உறவு இல்லாத யாராவது, நம்பத்தக்க இடத்தில், அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா? இதைத்தான் அங்கே 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பு அதில் இல்லை.

அவள் கொடுத்திருந்த ஐந்து மேற்கோள்களையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் இரண்டு நிலையத்தின் இணையதளமும் முகநூல் பக்கமும். தன்னைப் பற்றித் தானே சொல்வது கணக்கில் வராது. மூன்றாவது ஒரு விருதுப் பட்டியல். நிகழ்ச்சியின் பெயர் ஒரே ஒரு வரியில் இருந்தது. "பேர் வந்திருக்குதான்னு பாக்காத கண்ணு, அதைப் பத்திப் பேசியிருக்காங்களான்னு பாரு" என்றேன். மீதி இரண்டும் வெவ்வேறு நாளிதழ்களின் மாவட்டப் பக்கச் செய்திகள். அவள் முகம் மலர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், வரிக்கு வரி ஒன்றுதான். இரண்டிலும் பெருந்துறை 'பெருந்துரை' ஆகியிருந்தது. நிலையம் அனுப்பிய செய்திக்குறிப்பை இரண்டு பேரும் அப்படியே போட்டிருக்கிறார்கள். ஐந்து, பூஜ்யமானது. அப்புறம்தான் மெதுவாகச் சொன்னாள், தொகுப்பாளர் அவள் சித்தியாம்!

சின்ன நிலையம் என்பதற்காகத் தள்ளுவதில்லை. சமுதாய வானொலிக்கு நம் நாட்டில் அனுமதிக்கும் வீச்சுத் திறனே சுமார் 100 வாட். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிது. ஒரே ஊர்ச் சுற்றுக்குள் ஒலிக்கும் நிகழ்ச்சியைப் பற்றி வெளியாட்கள் எழுதுவது அரிது, அவ்வளவுதான். சென்னையின் அண்ணா எஃப்எம்மும் சமுதாய வானொலிதான். 2004இல் நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியதால் அதைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். 1960களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 நெல்லை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே கூப்பிட்டார்கள், வானொலி சொல்லிக் கேட்டுப் பயிரிட்டதால். அதை ஆய்வாளர்கள் எழுதி வைத்ததால்தான் நமக்கு இன்று தெரிகிறது.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இந்த விதி ஆங்கிலத்திலும் இணையத்திலும் கிடைப்பவற்றுக்கே சாதகமாக வேலை செய்கிறது. கோவை வானொலி நிலையம் 1966இல் தொடங்கியது. அந்தக் கால நிகழ்ச்சிகளைக் கூகுளில் தேடினால் ஒன்றும் வராது, நூலகத்துப் பழைய பைண்டிங்கில் இருக்கும். விதிப்படி ஆதாரம் இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. இதழ் பெயர், தேதி, பக்க எண் போதும். ஆனால் நீக்கச் சொல்பவர் தேடுவது கூகுளில்தான். அதனால் பழைய நிகழ்ச்சி என்றால், தூசு தட்டிப் பார்க்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். அகில இந்திய வானொலியே வெளியிட்ட 'வானொலி' இதழ் கிடைத்தால் தேதி சரிபார்க்க உதவும். தகுதியை நிறுவ உதவாது.

"இடம்தான் நிறைய இருக்குதே, ஒரு பக்கம் கூடுனா என்னங்க?" என்று கேட்டாள். எங்கள் அலமாரியில் பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை கொண்டுவந்த கலைக்களஞ்சியம் இருக்கிறது, பத்துத் தொகுதி. மொடக்குறிச்சிப் பக்கத்து மனிதர். அவருக்குத் தாள் ஒரு கட்டுப்பாடு. இணையத்தில் அது இல்லை, சரிபார்க்க ஆள்தான் இல்லை. நாளைக்கே யாரோ வந்து தொகுப்பாளர் பெயரை மாற்றினால், எது சரி என்று எதை வைத்துச் சொல்வது?

தெரிந்த நிருபரைப் பிடித்து ஒரு கட்டுரை எழுத வைத்து, அதையே மேற்கோளாக்கும் சாமர்த்தியமும் நடக்கிறது. அந்த வழி வேண்டாம் என்றேன். கட்டுரையில் உருப்படியாக இருந்த நாலு வரியை நிலையத்தின் கட்டுரையில் சேர்த்து, பழைய தலைப்பைத் தேடி வருபவர் அங்கே போய்ச் சேரும்படி வழிமாற்றினோம். கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில், தொகுப்பாளர் தன் உறவினர் என்பதையும் எழுத வைத்தேன். ஒலிப்பதிவுகளைத் தேதி போட்டுச் சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கலைக்களஞ்சியத்துக்கு ஆகாவிட்டாலும் எங்கள் நூலகத்துக்கு ஆகும்.

சித்திக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "தனிப் பக்கம்னு சொன்னா, நாலு வரிதானுங்களா?" என்று கேட்டார். அந்த நாலு வரியிலும் தொடங்கிய வருஷம் தப்பு என்று கண்டுபிடித்ததும் அவர்தான். நிலையத்தின் இணையதளத்தைப் பார்த்துத் திருத்தினோம். தகுதியை நிறுவ ஆகாவிட்டாலும், வருஷத்தைச் சரிபார்க்கும் அளவுக்கு அது போதும்.