காப்பி ஆன் ரைட்: ‘நகல் மீது எழுதுதல்’ அல்ல

கணினித்துறையில் ‘காப்பி ஆன் ரைட்’ (copy on write) என்றால், தரவைப் பகிர்ந்து வைத்திருந்து, யாராவது அதை மாற்றி எழுதும்போது மட்டும் நகலெடுப்பது. அதை ‘நகல் மீது எழுதுதல்’ என்று பெயர்ப்பது பொருட்பிழை. நகல் ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் எழுதுகிறோம் என்று அந்தத் தொடர் சொல்கிறது. நடப்பதோ நேர்மாறு: யாராவது எழுத வரும்வரை நகலே கிடையாது.

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஃபோர்க் அழைப்புக்கு (ஓடும் நிரல் தன்னைப்போலவே இன்னொன்றைத் தொடங்குவதற்கு) இந்த உத்தி கைகொடுத்தது. தாய் நிரல், சேய் நிரல் இரண்டும் ஒரே நினைவகப் பக்கங்களைப் பகிரும். ஒன்று எழுத முனைந்தால் அந்தப் பக்கம் மட்டும் பிரியும். கோப்பு முறைமைகளிலும் அதே பெயர்தான். லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் கருவில்) பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை 2009இல் சேர்ந்தது. அதற்கே உரியதாக இருந்த குளோன் அழைப்பு (தரவைப் பகிரும் பிரதியை உருவாக்குவது), 2016இல் வந்த 4.5 பதிப்பில் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவான விஎஃப்எஸ் அடுக்குக்கு ஏறியது.

‘ஆன்’ இங்கே காலத்தைச் சுட்டுகிறது, இடத்தை அல்ல. 10 ஜிபி கோப்பை ரெஃப்லிங்க் முறையில், அதாவது தரவைப் பகிர்ந்தபடி, பிரதி எடுத்தால் நொடியில் முடியும். தரவுக்கெனப் புதிய இடம் பிடிக்காது. பிறகு நடுவில் ஒரே ஒரு பைட்டை மாற்றிப் பாருங்கள். அந்தப் பைட் இருக்கும் 4096 பைட் பிளாக் (வட்டில் தரவை வைக்கும் அலகு) முழுவதையும் படித்து, வட்டில் வேறு இடம் தேடி எழுத வேண்டும். வட்டு நிறைந்திருந்தால், அளவு ஒரு பைட்கூடக் கூடாத கோப்பில் ‘இடமில்லை’ என்ற பிழை வரும். ‘நகல் மீது எழுதுதல்’ என்று கற்றவருக்கு இது புரியவே புரியாது. நகலுக்குத்தான் முன்பே இடம் ஒதுக்கியாயிற்றே என்று நினைப்பார்.

எம்மேப் செய்த, அதாவது நினைவகத்தோடு பிணைத்த, கோப்பில் சிக்கல் இன்னும் கூர்மை. அங்கே ரைட் அழைப்பே இல்லை. முதன்முறை எழுதும்போது பேஜ் ஃபால்ட் (செயலி கெர்னலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் குறுக்கீடு) எழுந்ததும், ‘பேஜ் எம்கே ரைட்’ என்ற செயற்கூறு வழியாகக் கெர்னல் கோப்பு முறைமையைக் கூப்பிடுகிறது. அப்போதே இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். விட்டால், பக்கத்தை வட்டுக்கு அனுப்பும்போதுதான் இடமில்லை என்று தெரியவரும். எழுதிய நிரலோ அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கும். இடைமுக வடிவமைப்பே அந்தத் தருணத்தைப் பிடிப்பதில்தான் இருக்கிறது. ‘மீது’ போட்டதும் தருணம் காணாமல் போகிறது.

அகராதியில் ‘ஆன்’ என்றால் ‘மேல், மீது’ என்று பார்த்து அப்படியே ஒட்டுவதால் வரும் வினை இது. ‘ஆன் டிமாண்ட்’ கூட இப்படித்தான் ‘கோரிக்கையின் மீது’ ஆகிறது. ‘புகாரின் பேரில் கைது’ என்று எழுதும் செய்தியாளருக்கு இருக்கும் மொழியுணர்வு தொழில்நுட்பம் பெயர்ப்பவருக்கு ஏன் இல்லை?

‘எழுதின் நகல்’ என்றும் ஒரு பரிந்துரை உண்டு. நன்னூலின் ‘செயின்’ வாய்பாட்டு எச்சம். இலக்கணம் சரி, சுருக்கமும் சரி. ஆனால் இன்றைய கண்ணுக்கு ‘எழுதின’ என்பதில் ஓர் அகரம் விடுபட்டதுபோல் தெரிகிறது. ஆவணத்தில் தடுக்கி விழவைக்கும் சொல் கலைச்சொல்லாகாது.

‘எழுதுகையில் படியெடுத்தல்’ என்பதே என் தேர்வு. நகல் அரபு வழி வந்த சொல். படியெடுத்தலோ கல்வெட்டாய்வாளர் கையில் இன்றும் புழங்கும் வினை. ‘எழுதும்போது நகலெடுத்தல்’ என்றாலும் ஏற்பேன். காலப்பொருள் இழக்கப்படவில்லையல்லவா, அது போதும்.

ஒரு பிளாக்கை முழுதாக மாற்றி எழுதும்போது பழைய தரவைப் படியெடுக்கும் வேலையே இல்லை. புதியது வேறிடத்தில் எழுதப்படும், சுட்டி மாறும். அந்த நிலையை மட்டும் விளக்க ‘இடம் மாற்றி எழுதுதல்’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்.