அடுத்த அப்டேட் எப்போது?

ஒரு ஆன்லைன் கேமுக்குப் புதுக் கதையும் இடங்களும் சேர்க்கும் பெரிய தொகுப்பு, அதாவது எக்ஸ்பான்ஷன், வெளியாகி வாரம்கூட ஆகியிருக்காது. "எல்லாம் முடிச்சாச்சு, அடுத்தது எப்போ?" என்று ஒரு கூட்டம் கேட்க ஆரம்பித்துவிடும். ஆன்லைன் கேம் தயாரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி. அதே நேரத்தில் அலுவலகத் திரையில் ஓடும் கிராஃப் வேறு கதை சொல்லும். எந்த அத்தியாயத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று காட்டும் கிராஃப் அது. பெரும்பாலானோர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டு, பழைய கதையை முடித்த பிறகு பார்க்கலாம் என்று புதியதைத் திறக்காமலே வைத்திருப்பவர்களும் கணிசம். கடைசிப் பெரிய எதிரியான பாஸை (boss) வீழ்த்தியவர்கள் வலது ஓரத்தில் மெல்லிய கோடாகத் தெரிவார்கள். சத்தம் முழுக்க அந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது.

அந்தக் கோட்டை வைத்துத் தேதி குறித்தால் கேம் கெடும். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறாரே, அவர் முடித்து, அடுத்தது வராதா என்று கொஞ்சம் ஏங்கவும் நேரம் கிடைத்த பிறகு புதியது வர வேண்டும். இதுதான் என் கணக்கு. அவர் எப்போது முடிப்பார் என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

காக்க வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2004 நவம்பரில் வெளியான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு எக்ஸ்பான்ஷன் என்று வளர்ந்து, 2010 அக்டோபரில் 1.2 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. பிறகு 2013 செப்டம்பரில் வந்த ரெய்டுக்கும் (பலர் கூட்டாக ஆடும் பெரிய சவால்) 2014 நவம்பரில் வந்த எக்ஸ்பான்ஷனுக்கும் நடுவே 14 மாதம் புதிய ரெய்டே இல்லை. இனி வேகமாகத் தரப்போகிறோம் என்று அந்த கேமைத் தயாரிக்கும் ப்ளிசார்ட் அந்தக் காலத்தில் வெளிப்படையாகவே சொல்லிவந்தது. நடந்தது என்ன? அந்த 2014 எக்ஸ்பான்ஷனான வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனார் வெளியான ஜோரில் சந்தா மறுபடி ஒரு கோடியைத் தாண்டியது. 2015 நடுவில் 56 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. அதன் முதல் பெரிய பேட்சில், அதாவது இடையில் வரும் அப்டேட்டில், ரெய்டு இல்லை. செல்ஃபி கேமராவும் ட்விட்டர் இணைப்பும் இருந்தன! கடைசி ரெய்டு 2015 ஜூனில் வந்தது; அதன்பின் அடுத்த எக்ஸ்பான்ஷன் வந்த 2016 ஆகஸ்ட் வரை திரும்பவும் 14 மாத வறட்சி. வேகத்தைக் குறிவைத்ததில் இடைவெளியும் குறையவில்லை, உள்ளே இருந்த சரக்கும் மெலிந்துபோனது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது கில்ட் வார்ஸ் 2. 2013இல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கதையை நகர்த்தினார்கள். உழைப்பைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கதையில் பெரும்பகுதி தற்காலிகமானது. ஒரு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தவருக்கு நடந்ததை ஆடிப்பார்க்க வழியில்லை, யாராவது சொல்லக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த முதல் சீசன் நிரந்தரமாக ஆடக்கூடிய வடிவில் திரும்பி வர 2022 ஆகிவிட்டது.

"கென்ஷின் இம்பாக்ட் ஆறு வாரத்துக்கு ஒருமுறை தருகிறதே, உங்களால் ஏன் முடியாது?" என்று அடுத்துக் கேட்பார்கள். ஆறு வாரம் என்பது வெளியிடும் இடைவெளி. தயாரிக்கும் காலம் வேறு. ஒரு குழுவின் அப்டேட் இன்று வெளியாகிறது என்றால், அடுத்ததை இன்னொரு குழு சோதித்துக்கொண்டிருக்கும். அதற்கும் அடுத்தது ஓவியர்களின் மேசையில் இருக்கும். வசனத்தைப் பல வாரம் முன்பே பூட்டிவிட வேண்டும். மொழிபெயர்ப்பு, நான்கு மொழிகளில் குரல்பதிவு, கன்சோல் நிறுவனங்களின் ஒப்புதல் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மொத்தமும் நிற்கும். 2022 மேயில் ஷாங்காய் ஊரடங்கால் அதன் 2.7 அப்டேட் சுமார் மூன்று வாரம் தள்ளிப்போனது அப்படித்தான். ஆள்பலமும் பணபலமும் குறைந்த ஸ்டூடியோ இந்த அட்டவணையைக் காப்பியடித்தால் இரண்டு மூன்று சுற்றுக்குமேல் தாக்குப்பிடிக்காது.

வெளியே தெரியாத இன்னொரு சுமை பழைய சரக்கு. புதிதாக ஒரு மோதிரம் சேர்க்கிறோம்: எதிரிக்குத் தீப்பிடித்திருந்தால் கூடுதல் சேதம். வடிவமைக்க அரை நாள் வேலை. சோதனைக் குழுவுக்கோ, இதுவரை கேமில் வந்த தீ தொடர்பான ஒவ்வொரு திறமையோடும், ஆயுதத்தோடும், மறந்தேபோன பண்டிகைக் கால தொப்பியோடும் அதைச் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். ஒன்று தப்பினால் ஒரே அடியில் பாஸ் விழுவதை வீடியோ எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு அப்டேட்டும் அடுத்த அப்டேட்டின் சோதனையை நீட்டுகிறது. 2020 நவம்பரில் டெஸ்டினி 2 தன் முதல் கதைத்தொடரையும் நான்கு கிரகப் பகுதிகளையும் கேமிலிருந்தே எடுத்ததற்கு, பெருத்துப்போன அளவும் சோதித்து மாளாத சிக்கலும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்தது ஏன் தாமதம் என்று ஓயாமல் கேட்பதும் இந்தச் சுமையைக் கூட்டுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வேகத்தின் விலையை மனிதர்களும் கொடுக்கிறார்கள். ஃபோர்ட்நைட்டை வாராவாரம் புதுப்பிக்க அதைத் தயாரிக்கும் எபிக் நிறுவன ஊழியர்கள் சிலர் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்குமேல் உழைத்ததாக 2019இல் பாலிகான் என்ற கேம் செய்தித் தளம் எழுதியது. அதே மாதங்களில் ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் தயாரித்த ரெஸ்பான், அப்படிக் குழுவை வாட்டி வேகம் கூட்டப்போவதில்லை, சீசன் கணக்கிலேயே தருவோம் என்றது. ஆமை வேகம் என்று திட்டு வாங்கியது. இன்றும் அந்த கேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த அணுகுமுறை ஃபைனல் ஃபேன்டஸி 14உடையது. பெரிய பேட்ச் மூன்றரை மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருந்தார்கள். பிறகு நான்கு மாதம் ஆக்கினார்கள், ஆக்குவதையும் முன்கூட்டியே அறிவித்தார்கள். நடுவில் சலித்தால் சந்தாவை நிறுத்திவிட்டு வேறு கேம் ஆடுங்கள், புதியது வரும்போது வாருங்கள் என்று அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடாவே பலமுறை சொல்லியிருக்கிறார். 2021இல் எண்ட்வாக்கர் எக்ஸ்பான்ஷனை நவம்பர் 23லிருந்து டிசம்பர் 7க்குத் தள்ளினார்கள். வெளியானதும் சர்வர் வரிசை தாங்காமல் விற்பனையையே சில வாரம் நிறுத்திவைத்தார்கள். கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயந்தவர்கள் எடுக்கிற முடிவா இது?

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: ஆண்டுத் திட்டத்தில் பக் எனும் பிழைகளைச் சரிசெய்வதற்கென்று மட்டும் ஒரு பேட்சை இப்போதே ஒதுக்கிவையுங்கள். பிறகு இடம் கிடைக்காது.

ஆடுபவர்கள், ரோட்மேப் எனும் வெளியீட்டுத் திட்டப் படத்தில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டாம். சென்ற ஆண்டு சொன்ன தேதிகளில் எத்தனை காப்பாற்றப்பட்டன, மூன்று மாதம் விட்டுவிட்டு வந்தால் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் சீசன் பாஸ் (pass) வாங்கும் முன் அது காலாவதியாகுமா என்றும் படித்துவிடுங்கள். சீசன் முடிந்ததும் காலாவதியாகும் பாஸ், உங்களை உங்கள் வேகத்தில் ஆடவிடாமல் தினமும் உள்ளே இழுப்பதற்காகவே செய்யப்பட்டது. ஹேலோ இன்ஃபினிட், ஹெல்டைவர்ஸ் 2 இரண்டிலும் வாங்கிய பாஸ் காலாவதியாவதில்லை. ஆறு மாதம் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.